முழங்கை மட்டும் தெரிந்த படம்

போன வாரம் ஈப்போவில் பல் பிடுங்கப் போனேன். சிரித்த முகமுள்ள சீன டாக்டர். பஞ்சில் கிராம்புத் தைலத்தை நனைத்து ஈறில் வைத்தார். அந்த வாசனை ஏறியதும் என் இடது காதோரம் யாரோ மெல்ல மூச்சு விட்டதுபோல் இருந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வலிக்கிறது என்று நினைத்து, "ரிலாக்ஸ் லா, ஆன்ட்டி" என்றார் டாக்டர். வலி இல்லை. அது பெரியசாமி அண்ணன்.

அவரைப் பற்றி யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. ஈப்போவில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில், நொடித்துப்போன மேடைக் கலைஞர்களுக்கு உதவும் சின்னச் சங்கம் ஒன்று இருந்தது. நாடகக்காரர்கள், தபேலா வாசித்தவர்கள், ஒப்பனை போட்டவர்கள் என்று பலரும் படியேறி வருவார்கள். மனுவை வாங்கி, விசாரித்து, கூட்டத்தில் குறிப்பெழுதுவது என் வேலை. உதவி கேட்பவர் மேடையில் நிற்கிற படம் ஒன்றைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் கூட நடித்தவர் சாட்சி சொல்ல வேண்டும். விதி என்றால் எனக்கு உயிர். சங்கமே என் தலையில்தான் நிற்கிறது என்கிற நினைப்பு. இப்போது நினைத்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பெரியசாமி அண்ணன் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்தார். அறுபதை நெருங்கும் வயது. அவர் படியேறுவதற்கு முன்பே கிராம்பு வாசனை ஏறி வந்துவிட்டது. "உட்காருங்க அங்கிள்" என்றேன்.

"அண்ணேன்னே கூப்பிடு தங்கச்சி. நாடகக் கோஷ்டியில பெருசு சிறுசு எல்லாருக்கும் நான் அண்ணேதான்" என்றவர், நாற்காலியைக் கையால் தடவிப் பார்த்துத்தான் உட்கார்ந்தார். "கண்ணு ரொம்ப சுசா லா, சரியாத் தெரியல."

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. இன்னொன்றைச் சீக்கிரம் அறுவை செய்தால் காப்பாற்றலாம், தாமதித்தால் பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குத்தான் உதவி கேட்டு வந்திருந்தார்.

"என்ன வேஷம் போடுவீங்க?"

"வேஷமெல்லாம் கெடையாது. வசனம் எடுத்துக் குடுப்பேன்."

தோட்டத்து நாடகம் எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் இது புரியும். நடிகர்கள் எல்லாரும் விடியுமுன் பால்மரம் சீவப் போகிறவர்கள். திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் என்ன நாடகம் என்றே முடிவாகும். மனப்பாடம் செய்ய யாருக்கு நேரம்? மேடையோரத் திரைக்குப் பின்னால் அண்ணன் நோட்டுப்புத்தகமும் டார்ச்சுமாக உட்கார்ந்து, ஒவ்வொரு வசனத்தையும் அரை வரி முன்னதாகச் சொல்லிக்கொண்டே வருவார். ராஜா, ராணி, கோமாளி எல்லாருக்கும் அவர்தான் வாய். நடிக்கிறவர் காதுக்கு எட்ட வேண்டும், முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்கக்கூடாது. தொண்டை கட்டாமலிருக்கத்தான் கிராம்பு.

சட்டைப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். நடுவில் கிரீடமும் மீசையுமாக ராஜா. ஓரத்தில் திரைக்கு வெளியே ஒரு முழங்கை நீட்டிக்கொண்டிருந்தது.

"இந்தா, இது நான்தான்."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். ஆனால் அந்த ராஜாவைப் பார்த்ததும் எனக்குத் தெம்பு வந்தது. அவர் எங்கள் சங்கத் தலைவரேதான். லாரிக் கம்பெனி வைத்து வசதியாகிவிட்டவர். வேறு சாட்சி எதற்கு? அண்ணனைக் கூட்டத்துக்கு வரச் சொன்னேன். "கவலைப்படாதீங்கண்ணே, வேலை முடிஞ்ச மாதிரிதான்" என்று பெரிய மனுஷியாட்டம் சொல்லியும் அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம். என் வலப்பக்கம் தலைவர். இடப்பக்கம், சற்றுப் பின்னால், அண்ணன். "தலைவரே, உங்களுக்கு இவருதான் வசனம் எடுத்துக் குடுத்தாராமே?" என்று செயலாளர் நல்லெண்ணத்தோடுதான் கேட்டார்.

தலைவரின் முகம் மாறிவிட்டது. "எனக்கா? எனக்கு எவன்யா எடுத்துக் குடுக்கணும்? மொத்த நாடகமும் இங்க இருக்கு" என்று நெற்றியைத் தட்டினார். "பாக்குறீங்களா?" எழுந்தே நின்றுவிட்டார்.

"மந்திரியாரே! என் வாசலுக்கு வந்தவன் வெறுங்கையோடு திரும்பினால்..."

அதோடு நின்றுவிட்டது. தூக்கிய கை அப்படியே இருந்தது. கண் மட்டும் அலைந்தது.

என் இடது காதோரம், கிராம்பு மூச்சோடு, ஒரு குரல்: "அந்தச் செங்கோல் எனக்கு விறகு."

"அந்தச் செங்கோல் எனக்கு விறகு!" என்று முழங்கினார் தலைவர். பிறகு எங்கும் தடுமாறவில்லை. ஒவ்வொரு வரியும் முதலில் என் காதைக் கடந்து, அப்புறம்தான் அவர் வாயிலிருந்து வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். "பாத்தீங்களா?" என்று உட்கார்ந்தார். அவர் பொய் சொன்னார் என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. அந்தக் குரலைத் தன் ஞாபகம் என்றே நம்பி வாழ்ந்துவிட்டார்.

நடுவில் இருந்த எனக்கு மட்டும்தான் அது கேட்டது. நான் வாயைத் திறந்திருக்கலாம். எனக்குச் சம்பளம் கொடுப்பவர், இத்தனை பேர் முன்னால் முகம் சுண்டிப்போவாரே என்று பயந்துவிட்டேன். 'மேடைக் கலைஞர் என்பதற்கு ஆதாரம் இல்லை' என்று என் அழகான கையெழுத்தில் எழுதினேன்.

அண்ணனைக் கைப்பிடித்துப் படியிறக்கிவிட்டேன். "நீங்களாவது சொல்லியிருக்கலாமேண்ணே" என்றேன், வெட்கமில்லாமல்.

"ராஜாவா நிக்கிற ஆள எப்படி லா பாதியில விடுறது?" என்றார். கடைசிப் படியில் நின்று, "நல்லாப் பேசுனாருல்ல?" என்று கேட்டார். உண்மையான சந்தோஷத்தோடு கேட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

செயலாளரிடம் நடந்ததைச் சொல்ல எனக்கு நாலு மாதம் பிடித்தது. அவர் தலைவரிடம் எப்படியோ பேசி உதவிக்குச் சம்மதம் வாங்கிவிட்டார். சம்மதக் கடிதத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினேன். நிலம் கைமாறி, தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கமுந்திங்கில் மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அங்கேயும் போனேன். வாசலில் உட்கார்ந்திருந்தார். "அண்ணே" என்றதும் முகம் திரும்பியது. கண் என்னைத் தேடவில்லை. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லி ஒரு மாதமாகியிருந்தது.

கடிதத்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டேன். மகள் கோப்பி கொண்டுவந்தார். அதையும் குடித்தேன், பாருங்கள்.

"அன்னிக்கு எனக்குக் கேட்டுச்சுண்ணே" என்றேன் கடைசியில்.

"தெரியும் தங்கச்சி. உன் பேனாச் சத்தம் நின்னுச்சே."

அண்ணன் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. சங்கம் கலைந்துவிட்டது. அந்த மேல்மாடியில் இப்போது பிள்ளைகளுக்கு டியூஷன் நடக்கிறது. தோட்டம் இருந்த இடத்தில் வரிசை வரிசையாக வீடுகள். பல் டாக்டரிடமிருந்து நேராக வீட்டுக்குப் போக மனமில்லாமல், தலைவரைப் பார்க்கப் போனேன். தொண்ணூறை நெருங்குகிறார். என்னை அடையாளம் தெரியவில்லை. ஆனாலும் ஒரு ஆள் வந்து எதிரே உட்கார்ந்தது போதும் போலிருக்கிறது. கையைத் தூக்கி, நான் கேட்டேயிராத ஏதோ ஒரு நாடகத்தின் வசனத்தை ஆரம்பித்தார். பாதியில் நின்றது. தலையைப் பக்கவாட்டில் சாய்த்துக் காத்திருந்தார்.

"எப்பவும் இப்படித்தான் அக்கா" என்றார் மருமகள். "ரொம்ப நேரம் அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு இருப்பாரு. அங்க செவருதான் இருக்கு."

எனக்கு அந்த வரி தெரியாது. தெரிந்தவர் இப்போது இல்லை. இன்னும் தூக்கியபடியே இருந்த அந்தக் கையை நான்தான் மெல்லப் பிடித்து இறக்கிவிட்டேன்.