பிறர் முகங்களின் கீழே

என் நாவல்கள் கல்லூரிகளில் பாடமாக இருந்ததுண்டு. அவற்றில் எதுவும் எங்கள் வீட்டு வாடகையைக் கொடுத்ததில்லை. ஆகவே பெங்களூரு ஜீவனஹள்ளியில் உள்ள ஒரு ஃப்ளெக்ஸ் கடைக்குக் கண்ணீர் அஞ்சலிப் பேனர்களுக்கான வரிகளை எழுதித் தருகிறேன். இறந்தவரின் படம், தோற்றம், மறைவு, அவற்றின் கீழே என் வரிகள். என் பெயர் வெளியே வரக்கூடாது என்பது என் நிபந்தனை. இலக்கியக் கூட்டங்களில் எனக்குப் பொன்னாடை போர்த்துவோருக்கு இது தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை.

என் மனைவி இறந்தபோதும் அந்தக் கடையில்தான் அச்சிட்டோம். ஆஸ்டின் டவுனில், எங்கள் தெருமுனையில் கட்டினார்கள்.

வாசல் விளக்கை அணைப்பது யாரென்று
வாழ்நாளெல்லாம் வழக்கிட்டோம்.
இனி யார் அணைப்பது?
எரியட்டும்.

சில மாதங்கள் கழித்து, பேருந்துச் சன்னல் வழியே அந்த விளக்கு வரிகளை மறுபடியும் கண்டேன். மேலே, பெரிய மீசையுடன் நான் அறியாத ஒருவர். அடுத்து, இறைச்சிக் கடைச் சுவரில், கல்லூரி வயதுப் பெண் ஒருத்தி. அவள் யாருடன் வாழ்நாளெல்லாம் வழக்கிட்டிருக்க முடியும்? முகங்கள் மாறிக்கொண்டேயிருந்தன. எல்லா முகங்களிலிருந்தும் என் மனைவியின் குரலே கேட்டது: “இன்னைக்கு உங்க முறை. போய் அணைங்க.”

அந்த வரிகளை நிறுத்தச் சொல்லக் கடைக்குப் போனேன்.

“ஃபைல் இருக்குது சார், போட்டோவ மாத்துனா முடிஞ்சுது,” என்றார் கடைக்காரர். “எத்தன பாட்டு காட்டுனாலும் ஜனங்க லைட்டு பாட்டுதான் வேணுங்கறாங்க.”

“அது எல்லாருக்கும் போடற பாட்டு இல்ல. என் மனைவிக்கு எழுதினது. எடுத்துடுங்க.”

அவர் பதில் சொல்லுமுன் நடுவயதுப் பெண் ஒருவர் உள்ளே வந்தார். கணவருக்கு முதலாம் ஆண்டு நினைவஞ்சலி.

“அண்ணா, அந்த லைட்டு பாட்டையே போடுங்க. எங்க வூட்டுலயும் தெனம் அதே சண்டைதான். ஒரு நாளாச்சும் அந்தாளு எந்திரிச்சு ஆஃப் பண்ணிருப்பாரா!”

கடைக்காரர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: “எழுதினவரு போட வேணாம்னுட்டாரும்மா.”

“யாருண்ணா அவரு? எங்க இருக்கறாருன்னு சொல்லுங்க. காலுல வுழுந்தாச்சும் கேக்கறேன்.”

‘நான்தான்’ என்று ஒரு சொல் சொன்னால் என் மனைவியின் வரிகளை மீட்டுக்கொள்ளலாம். அந்தச் சொல் கடையோடு நின்றுவிடாது. கூட்டங்களின் முன்வரிசை வரைக்கும் போய்ச் சேரும்.

அந்தப் பெண் என்னிடம் திரும்பினார். “நீங்களும் சாவுக்கு பேனர் அடிக்கத்தான் வந்தீங்களா, சார்?”

“ஆமாம்மா,” என்றேன். பிறகு கடைக்காரரிடம், “போடுங்க. எழுதினவர் ஒண்ணும் சொல்லமாட்டார்.”

அந்தப் பெண்ணின் கணவர் இப்போது எங்கள் பேருந்து நிறுத்தத்தில் சஃபாரி உடையில் சிரித்துக்கொண்டிருக்கிறார். நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

எங்கள் வாசல் விளக்கு பகலிலும் எரிகிறது. “அங்கிள், லைட் ஆன்லயே இருக்குது,” என்று பக்கத்து வீட்டார் அடிக்கடி கதவைத் தட்டுகிறார்கள். வயதின் மறதி என்று நினைக்கிறார்கள். நான் அவர்களைத் திருத்துவதில்லை.