காய்ச்சல் இல்லாத வண்டி

“…காய்ச்சலே அடிக்காத வண்டி நிக்கும்போ, பாதி காய்ச்சல் ஏறின வண்டியில நான் எதுக்கு மக்கா பூவ ஏத்தணும்?” என்று சொல்லிக்கொண்டே அக்கா என் பிக்கப்பின் முன்கண்ணாடியில் பிச்சிப்பூ மாலையைத் தொங்கவிட்டாள்.

தோவாளை பூச்சந்தையில், ஓணத்தின் பத்து நாளும் தொடங்குகிற அத்தம் நாள் காலை அது. ஓணம் முடியும்வரை தினமும் திருவனந்தபுரத்துக்குக் கேந்திப்பூவும் வாடாமல்லியும் அனுப்புகிறவள் அந்த அக்கா. வண்டிக்காரர்கள் எங்களைவிட நாலைந்து வயது மூத்தவள். சந்தையில் எல்லோருக்கும் அக்காதான். அவள் யார் வண்டியில் மாலை போடுகிறாளோ, அந்த ஓணம் முழுக்க லோடு அவனுக்கு. வாய்ப்பேச்செல்லாம் கிடையாது, மாலைதான் பேச்சு. இரண்டு வண்டி அன்று அவள் முன்னால் நின்றது. ஒன்று என்னுடையது. மற்றது என் மனைவியின் தம்பியுடையது. ஒரே கம்பெனி, ஒரே வெள்ளை நிறம், இரண்டும் டீசல்.

அவன் வளைகுடாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஏழெட்டு வருஷம் கிடந்துவிட்டு, இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் ஊருக்கு வந்தவன். வந்ததும் வண்டி எடுத்தான். எடுத்துக்கொள்ளட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. கொண்டுவந்த பெட்டியிலிருந்து மூன்று மீட்டர்களை எடுத்து டேஷ்போர்டின் மேல் வரிசையாகப் பதித்தானே, அதுதான் என் வயிற்றில் தீயை வைத்தது. ஒன்று இஞ்சின் சூட்டுக்கு, ஒன்று ஆயில் அழுத்தத்துக்கு, ஒன்று கியர்பாக்ஸ் சூட்டுக்கு. கம்பெனி கொடுக்கிற விளக்கு எரியும்போது இஞ்சின் ஏற்கெனவே வெந்திருக்கும், இது முன்னாலேயே சொல்லிவிடும் என்று சந்தையில் ஒவ்வொருத்தருக்கும் விளக்கினான். கண்ணாடியில் ஒரு அத்தர் புட்டி வேறு தொங்கும். சுமடு எடுக்கிறவர்கள்கூட என் வண்டியில் கூடையை எறிந்துவிட்டு அவன் வண்டியில் போய் எட்டிப் பார்ப்பார்கள். ஒருத்தன் என்னிடமே சொன்னான், “அது பிளைட்டு மாதிரி இருக்கு அண்ணாச்சி. ஒம்ம வண்டி நல்ல வண்டிதான், ஆனா பிளைட்டு இல்ல.”

வீட்டிலும் அதே பாட்டுதான். எங்கள் ஊரான கொட்டாரத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில். மாலையானால் அவன் வண்டியில் பச்சை வெளிச்சம் மூன்று வட்டமாகத் தெரியும். நான் பல் துலக்கினாலும் அந்தப் பக்கம், பீடி பிடித்தாலும் அந்தப் பக்கம். ஒரு நாள் மனைவி துணி உலர்த்திக்கொண்டே சொன்னாள், “என் தம்பி வண்டிக்கு மூணு கண்ணு. ஒங்களுக்கு இருக்க ரெண்டு கண்ணும் அவன் வண்டியிலதான் கெடக்கு.” சொன்னவள் சிரிக்கவும் இல்லை.

அதைவிட உறைத்தது அக்கா கேட்டதுதான். முந்தின ஓணத்துக்கு அவள் பூவோடு நான் மார்த்தாண்டம் நெரிசலில் மாட்டி, ரேடியேட்டர் கொதித்து, பூ பாதி வெந்து போய்ச் சேர்ந்திருந்தது. அதை மனதில் வைத்து, “அவன் வண்டியில காய்ச்சல் பாக்க மீட்டரு வச்சிருக்கான். நீ என்னத்த வச்சிருக்க?” என்றாள். அன்றைக்கே நாகர்கோவிலில் கடை கடையாக ஏறி இறங்கி நானும் மூன்று மீட்டர் வாங்கினேன். அவனுடையதைவிட வட்டம் பெரிதாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினேன்.

மாட்டுவது எப்படி என்று மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்பேனா? ஞாயிற்றுக்கிழமை முழுக்க வண்டிக்கடியில் கிடந்தேன். ஆயில் சுவிட்சைக் கழற்றி, மூன்று வாயுள்ள பித்தளை ‘டீ’ இணைப்பைப் போட்டு, அதன் ஒரு வாயில் பழைய சுவிட்ச், மறு வாயில் புதுச் சென்சர். கியர்பாக்ஸின் அடித் திருகில் துளை போட்டு இன்னொரு சென்சர். ஒயரை ரப்பர் வளையம் வழியாகக் கேபினுக்குள் இழுத்து மீட்டரில் முடுக்கினேன். கடைசியில் சூட்டுச் சென்சர். தண்ணீர் ஓடுகிற இடத்தில் துளையிட்டு மரை போட்டேன். முந்தின வருஷம் கொதித்துப் பீறிட்ட தண்ணீர் நினைவுக்கு வந்தது. நான் தொழில் பழகியதே வயல் பம்புசெட்டில். எங்கள் பக்கத்துக் கை, தண்ணீர் படுகிற மரையைக் கண்டால் வெள்ளை டேப் சுற்றாமல் விடாது. சுற்றினேன். ஒழுகிவிடக் கூடாதே என்று மேலும் சுற்றினேன். கொழுக்கட்டை மாதிரி ஆனதும் சாவி போட்டு இறுக்கினேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

அத்தம் அன்று கொட்டாரத்திலிருந்து வரும்போது ரோட்டைப் பார்த்ததைவிட மீட்டரைப் பார்த்ததுதான் அதிகம். ஆயில் முள்ளும் கியர்பாக்ஸ் முள்ளும் அளவாக அசைந்தன. சூட்டு முள் மட்டும் அடியிலேயே படுத்திருந்தது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முன்னால் போய்க்கொண்டிருந்த அவன் வண்டியில் முள் பாதிக்கு ஏறியிருக்கும் என்று தெரியும், அவனே ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறான். சூடே ஏறாத இஞ்சின் என்னுடையது. சந்தையில் அக்காவைக் கையோடு அழைத்துவந்து இரண்டு கேபினிலும் தலையை விடச் சொன்னேன். அவள் பார்த்துவிட்டுச் சொன்னதுதான் அந்தக் காய்ச்சல் பேச்சு. மாலையும் என் வண்டிக்கு விழுந்தது. மச்சினன் முகத்தை நான் திரும்பிப் பார்த்தேன். அதற்காகத்தானே இவ்வளவும்.

அவன் மெதுவாக வந்து என் கதவைப் பிடித்துக்கொண்டு முள்ளைப் பார்த்தான்.

“சென்சர்ல டேப் சுத்துனியளா அத்தான்?”

“பின்ன சுத்தாம? பம்புக்கே சுத்துவோம்.”

“அது இஞ்சின் இரும்புல தொட்டாதான் அத்தான் கரண்டு திரும்பும். டேப்பு நடுவுல கெடந்து மறிக்கு. இது குளுந்த இஞ்சின் இல்ல, செத்த முள்ளு.”

பொறாமையில் பேசுகிறான் என்று அக்காவிடம் சொன்னேன். அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டுச் சுமடுகாரர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. என் பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்து, சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, படுத்திருந்த முள்ளை இன்னொரு தடவை பார்த்தாள்.

என் கண்ணாடியிலிருந்து மாலையைக் கழற்றினாள். அவன் வண்டிக்குப் போனாள். அங்கே கண்ணாடியில் அத்தர் புட்டி தொங்கியதால் மாலைக்கு இடமில்லை. மாலையை டேஷ்போர்டின் மேலேயே நீளமாகப் போட்டாள், மூன்று மீட்டரும் பிச்சிப்பூவுக்குள் முழுசாக மறைந்துபோகும்படி. அவன் பதறி அதைக் கொஞ்சம் நகர்த்தக் கையை நீட்டினான். என் வயிறு அப்போதுதான் சற்றுக் குளிர்ந்தது. அக்கா அந்தக் கையில் பட்டென்று ஒரு தட்டு தட்டிவிட்டு, மாலையின் இரண்டு நுனியையும் மீட்டர்களைச் சுற்றி இழுத்து இறுக்கி முடிச்சுப் போட்டாள்.