வட்டம் போடாத விடைத்தாள்

வேங்கிக்காலில் ஒரு தனியார் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறேன். கைரல் கார்பனைக் கண்டுபிடிக்கும் விதியை என் வகுப்பில் தூங்குகிறவர்கள்கூட ஒப்பிப்பார்கள். கார்பனுக்கு நாலு கை. நாலும் வெவ்வேறு தொகுதிகளைப் பிடித்திருந்தால் கைரல், இரண்டு ஒரே மாதிரி இருந்தால் இல்லை. "நான் சொன்னேன்னு நம்பாதீங்க, கையை எண்ணிப் பாருங்க" என்று கூடவே சொல்வேன். அதைச் சொல்லும்போது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வரும்.

போன வருடம் ஒரு பௌர்ணமியன்று, கிரிவலக் கூட்டத்தில் திணறிய பஸ்ஸில் நின்றபடி, மறுநாள் தேர்வுக்கான வினாத்தாளைச் செல்போனில் தட்டினேன். ஐந்து கார்பன் கொண்ட ஓர் ஆல்கஹால்; அதில் கைரல் கார்பனை வட்டமிட வேண்டும். இரண்டாவது கார்பனில் வைக்க வேண்டிய ஓஹெச் தொகுதியை நடுக் கார்பனில் வைத்துவிட்டேன். அப்படி வைத்தால் இரண்டு பக்கமும் ஒரே எத்தில் தொகுதிதான். அந்த மூலக்கூறில் கைரல் கார்பனே கிடையாது.

திருத்தும்போதும் இது என் கண்ணில் படவில்லை. ஓஹெச் இருக்கும் கார்பனில் வட்டம் இருந்தால் இரண்டு மதிப்பெண் என்று மளமளவென்று போட்டுக்கொண்டே போனேன். வகுப்பே வட்டம் போட்டிருந்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து வரும் ஒரு மாணவி மட்டும் 'இதில் இல்லை' என்று எழுதியிருந்தாள். பெரிதாகப் பூஜ்யம் போட்டு, 'பாடத்தைக் கவனிக்கவும்' என்று அறிவுரையும் எழுதினேன்.

இடைவேளையில் விடைத்தாளோடு வந்து நின்றாள்.

"மிஸ், கையை எண்ணிப் பாத்தேன். ரெண்டு பக்கமும் எத்தில்தான் வருது."

வேகமாக எண்ணினேன். பிறகு விரல் வைத்து மெதுவாக எண்ணினேன். காது சூடாகிவிட்டது.

முதல்வரிடம் போய், அவளுக்கு மட்டும்தான் மதிப்பெண், மற்றவர்களுக்குக் கிடையாது என்றேன். அவர் பதறிப்போனார்.

"அத்தினி பேருக்கும் மார்க் கம்மி பண்ணா நாளைக்கே பேரண்ட்ஸ் வந்து நிப்பாங்க மேடம். அந்தப் பொண்ணுக்கும் ரெண்டு போட்டு விட்ருங்க."

வாதாடியிருக்கலாம். தலையாட்டிவிட்டு வந்தேன்.

வகுப்பில் தப்பை ஒப்புக்கொண்டு, பலகையில் வரைந்து காட்டி, எல்லாருக்கும் இரண்டு மதிப்பெண் என்று அறிவித்தேன். பலமாகக் கைதட்டினார்கள். அவள் மட்டும் எழுந்தாள்.

"அப்போ இது கைரல் இல்லதானே மிஸ்?"

"இல்லம்மா. நீ எழுதினதுதான் சரி."

"அவங்களுக்கும் ரெண்டு, எனக்கும் ரெண்டா?"

"ஆமா."

"அடுத்த தடவை நானும் வட்டம் போட்டுடட்டுமா மிஸ்?"

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை, நிஜமாகவே கேட்டாள்.

"வேணாம்மா" என்றேன். ஏன் என்று அவள் கேட்பதற்குள் மணி அடித்துவிட்டது.