கொழுந்தோடு காயவைத்த தபால்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடி மாதம். நீலகிரியில் பந்தலூருக்குப் பக்கத்தில், பேருந்து வந்து திரும்பிப் போகும் ஒரு சின்ன ஊரில் போஸ்ட் மாஸ்டராக நான் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வயது இருபத்தைந்து. ஈரோட்டுப் பக்கம் பிறந்தவள். விதிப்புத்தகம் முழுவதும் எனக்கு மனப்பாடம், அந்தத் திமிர் நிறையவே இருந்தது.

பின்னாளில், உங்கள் தபால் நிலையத்தின் வரலாற்றை எழுதி அனுப்புங்கள் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. எழுதி அனுப்பினேன். முதலில் வெள்ளைக்கார துரை ஒருவரின் குதிரை லாயத்தில் ஒரு மூலை, சுதந்திரத்துக்குப் பிறகு பேக்கரிக்குப் பின்னால் ஓர் அறை, அப்புறம் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே தகரக் கட்டடம். மூன்று இடம் மாறியும் ஒழுகாத கூரை வாய்க்கவில்லை என்பதையும் நாசூக்காகச் சேர்த்திருந்தேன். ஆனால் அந்த வரலாற்றின் முக்கியமான சம்பவத்தை விட்டுவிட்டேன். காரணம், அதில் கதாநாயகி நான்தான்.

அந்த ஊர் மழையைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஈரத்தில் கவர்கள் விற்பதற்கு முன்பே தாமாக ஒட்டிக்கொள்ளும். ஸ்டாம்புத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். அதற்காக முகப்பவுடரைத் தூவி வைப்பது அங்கே வழக்கம். ஒருநாள் எஸ்டேட் டிரைவர் ஒருவர் வந்து, "ஏனுங்க, இனிமே நம்மளுக்குப் பவுடர் போடாத கவரா குடுங்க. ஊருல சம்சாரம் மோந்து பாத்துட்டு, எவ ஊட்டுல உக்காந்து எழுதுனீங்கன்னு கேக்குதுங்க" என்று சங்கடப்பட்டுச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று காலை பஸ்ஸில் வந்த தபால் பை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மேற்கூரையில் போட்ட தார்ப்பாய் வழியில் கிழிந்துவிட்டதாம். பையைக் கொட்டினால் நூற்றுப் பதினான்கு கடிதங்களும் ஊறிப்போன அப்பளம் மாதிரி கிடந்தன. எங்கள் தபால்காரர் ஐம்பதைத் தாண்டிய உள்ளூர்க்காரர். அலட்டிக்கொள்ளாமல் ஒரு கயிற்றை எடுத்து, அறை மூலையில் குளிருக்காக வைத்திருந்த கரியடுப்புக்கு மேலே கட்டத் தொடங்கினார். இரண்டு நாளில் காய்ந்துவிடுமாம்.

அப்போது ஜன்னலுக்கு வெளியே ஓர் அம்மா நின்றுகொண்டிருந்தார். சிலோனிலிருந்து வந்த குடும்பம், எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறிப்பவர். கணவர் இல்லை, ஒரே மகள். அந்தப் பெண் நர்ஸ் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்முகத் தேர்வுக்கு எந்த நாளும் கடிதம் வரலாம் என்பதால் பத்து நாளாக இந்த அம்மா வேலைக்குப் போகும் வழியில் வந்து விசாரித்துக்கொண்டிருந்தார். ஈரக் குவியலில் மருத்துவமனையின் பழுப்பு நிறக் கவர் என் கண்ணில் பட்டது. அவர் கண்ணிலும் பட்டுவிட்டது.

"நனைஞ்சிருந்தா என்னம்மா, குடுத்துருங்க. லயத்து வீட்டுல அடுப்புக்கிட்ட வச்சுக் காயவச்சுக்கிறேன்" என்று கையை நீட்டினார்.

நான் கொடுக்கவில்லை. ஈரத்தோடு பிரித்தால் எழுத்து அழிந்துவிடும், சேதமான தபாலைச் சீர்செய்து ஒப்படைப்பது எங்கள் பொறுப்பு, சாயங்காலம் வாருங்கள் என்று ஒரு சின்ன சொற்பொழிவே ஆற்றினேன். அவர் நீட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் என்று சொல்லியாகிவிட்டது. அடுப்பை நம்பினால் முடியாது. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. முந்தின வாரம் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்திருந்தேன். மாடியில் கொழுந்து வாட்டும் நீளத் தொட்டிகள் உண்டு. கம்பி வலைமேல் இலையைப் பரப்பிவிட்டால், கீழிருந்து பெரிய விசிறி காற்றை அடித்து ஈரத்தை எடுத்துவிடும். டன் கணக்கில் கொழுந்தை வாட்டுகிற இடத்துக்கு நூறு கடிதம் எம்மாத்திரம்?

"எலைக்கு ஆகுமுங்க மேடம். தாளுக்கு ஆகுங்களா?" என்றார் தபால்காரர். பழைய ஆட்களுக்குப் புதிய யோசனை பிடிக்காது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, பையை அவர் தோளில் ஏற்றினேன்.

அங்கே எல்லாவற்றுக்கும் பொறுப்பான டீ மேக்கர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அரசாங்க வேலை என்று அழுத்திச் சொன்னதும் காலியாக இருந்த ஒரு தொட்டியைக் காட்டினார். கடிதங்களை வரிசையாகப் பரப்பினோம். விசிறி ஓடியது. ஈரக் கனத்தில் ஒரு கடிதம்கூட அசையவில்லை. நான் தபால்காரரைப் பார்த்த பார்வையில், தெரிந்ததா என்ற கேள்வி இருந்தது. பிறகு டீ மேக்கர் கொடுத்த தேநீரைக் குடித்தபடி, தபால் துறையில் புதுமையின் அவசியம் பற்றி அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.

காய்ந்தால் தாள் லேசாகிவிடும் என்பது விதிப்புத்தகத்தில் இல்லை.

முதலில் ஓர் இன்லேண்ட் லெட்டர் மெல்ல எழுந்தது. அடுத்து நாலைந்து. திரும்பிப் பார்ப்பதற்குள் மொத்தத் தபாலும் அட்சதை மாதிரி கூரைவரை பறந்தது. ஆட்கள் துள்ளித் துள்ளிப் பிடித்தார்கள். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இலைக் குவியல்களுக்கு நடுவே ஓடினேன். தபால்காரர் மட்டும் நின்ற இடத்திலேயே, தன்மேல் வந்து விழுவதை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

எண்ணிப் பார்த்தோம். நூற்றுப் பதிமூன்று. பழுப்புக் கவரைக் காணோம்.

அடுத்த தொட்டியில் வாடிய கொழுந்தை ஒருவர் தரையிலிருந்த துவாரம் வழியாகக் கீழ்த்தளத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். துவாரத்துக்கு நேர் கீழே இலையைக் கசக்கி உருட்டும் ரோலர். டீ மேக்கருக்கு முகம் மாறியது. எஸ்டேட் மேனேஜரான துரைக்குப் பதில் சொல்ல வேண்டியவர், ஆனாலும் ஓடிப்போய் இயந்திரத்தை நிறுத்தினார். கசங்கிய பச்சை இலைக்குள் முழங்கைவரை கையை விட்டுத் துழாவினேன். கிடைத்தது கவர் இல்லை, தேயிலையைப் போலவே அழகாகச் சுருண்ட பழுப்புத் துணுக்கு ஒன்று. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

யாரோ சொல்லி, அன்று பறித்த கொழுந்தை நிறுவையில் எடைபோட்டுக் கொடுத்துவிட்டு அந்த அம்மாவும் வந்து சேர்ந்தார். நான் தட்டுத் தடுமாறி விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. நேராக, தேயிலையில் குச்சி பொறுக்கும் பெண்களிடம் போய்ப் பேசினார். நாளெல்லாம் கறுப்புத் தூளிலிருந்து கண்ணுக்குத் தெரியாத குச்சிகளைப் பிரித்தெடுக்கிறவர்கள் அவர்கள். எட்டுப் பேர் இலையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அரை மணி நேரத்தில் காகிதத் துணுக்குகள் எல்லாம் ஒரு தட்டுக்கு வந்துவிட்டன. விரித்து ஒட்டவைத்துப் பார்த்தோம். மகளின் பெயர் இருந்தது, கோயம்புத்தூர் இருந்தது, காலை பத்து மணி இருந்தது. தேதிதான் இல்லை. இலையை மறுபடி சலித்தும் கிடைக்கவில்லை.

"அசையாம நில்லுங்கம்மா" என்று அந்த அம்மா என் முழங்கையைப் பிடித்தார். இலைச் சாறோடு அங்கே ஒட்டிக்கிடந்த துணுக்கை நகத்தால் மெல்லப் பெயர்த்து எடுத்தார். அதில்தான் தேதி. நாளை மறுநாள்.

கடிதம் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அதனால் தபால் நிலையத்துக்கு ஓடி, இந்தக் கடிதம் என் கவனக்குறைவால் தேயிலை ரோலரில் சிக்கிச் சிதைந்தது என்று உள்ளது உள்ளபடி எழுதி, கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினேன். மேலே யாராவது பார்த்தால் என் கதி என்ன என்று எனக்குத் தெரியும்.

அந்த அம்மா வாங்கிக்கொண்டு, சிறிது தயங்கி, "இப்புடி எழுதிக் குடுத்தா ஒங்க வேலைக்கு ஒண்ணும் ஆயிறாதேம்மா?" என்று கேட்டார்.

அவருடைய பத்து நாள் காத்திருப்பை நான் அரைத்துப் போட்டிருந்தேன். அவர் என் வேலையைப் பற்றிக் கவலைப்படுகிறார். ஒன்றும் ஆகாது என்று தலையை ஆட்டினேன்.

தேர்வுக் குழுவினர் என் சான்றிதழைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்துச் சிரித்தார்களாம். பிறகு அந்தப் பெண்ணிடம் நடந்ததைச் சொல்லச் சொல்லிக் கேட்டார்களாம். அவள் தேர்வானாள். சான்றிதழ் விஷயம் மேலே எட்டியதில், எனக்கு ஊட்டியிலிருந்த மேல் அலுவலகத்திலிருந்து மெமோ வந்தது. தபாலை எந்த விதியின் கீழ் தேயிலைத் தொட்டியில் போட்டீர்கள் என்று கேட்டிருந்தார்கள். எந்த விதியின் கீழும் இல்லை என்று பதில் எழுதினேன், எச்சரித்து விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருடம் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து, ஓய்வும் பெற்றுவிட்டேன். தனக்கு உரியதைக் கேட்டு ஒருவர் கை நீட்டும்போது, அவருடைய நன்மை அவரைவிட எனக்குத் தெரியும் என்று நினைப்பதுதான் ஆணவங்களிலேயே பெரிய ஆணவம் என்பதை, முழங்கைவரை பச்சையாக நின்ற அந்த நாளில்தான் கற்றுக்கொண்டேன்.