பதினோரு வருடம் பெய்த தங்கமழை

ஆரணியில் ஒரு பெண் பிளஸ் டூ முடித்தால் அவள் முன்னால் மூன்று பாதைகள் உண்டு: கம்ப்யூட்டர் என்ஜினியரிங், எலக்ட்ரானிக்ஸ் என்ஜினியரிங், இரண்டும் அமையாவிட்டால் பி.காம். பட்டு நெசவாளர் தனசேகரனின் மகள் காவ்யா, அறுநூற்றுக்கு ஐநூற்று நாற்பத்தொன்று வாங்கிவிட்டு, சென்னையில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் பி.ஏ. லிபரல் ஆர்ட்ஸ் படிக்கப் போவதாக அறிவித்தபோது தெருவில் ஏற்பட்ட மௌனம், நம்பத்தகுந்த வட்டாரங்களின்படி, ஒன்றரை நாள் நீடித்தது.

அதைக் கலைத்தவர் எதிர்வீட்டு சுதாகர். அவருக்கு அரிசி ஆலையில் பங்கு உண்டு, என்ஜினியரிங் இரண்டாம் ஆண்டில் ஒரு மகன் உண்டு, மகனுக்கு நான்கு அரியர் உண்டு. ஆகவே கல்வி விஷயத்தில் அவர் கருத்துக்குத் தெருவில் தனி மதிப்பு.

"அதுல இன்னா வேலை கெடைக்கும் தனசேகரு?" என்றார்.

தனசேகரனுக்குத் தெரியவில்லை. காவ்யாவைக் கேட்டார். வரலாறு கொஞ்சம், தத்துவம் கொஞ்சம், இலக்கியம், ஓவியம், சமூகவியல், கூடவே புள்ளியியலும் உண்டு என்று அவள் விளக்கினாள். எல்லாப் பாத்திரத்திலும் ஒரு கரண்டி எடுத்து வைக்கிற படிப்பு போலிருக்கிறது என்று தாய் லீலா புரிந்துகொண்டார். அந்தப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரே அதைவிடத் தெளிவாகச் சொல்லியிருப்பாரா என்பது சந்தேகம்.

மூன்று நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு தறி மேடையில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. காவ்யா போகலாம். ஆனால் எந்தப் பாடத்திலாவது ஒரே ஒரு அரியர் விழுந்தாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து உள்ளூரில் பி.காம். சேர வேண்டும். எழுத்தில் எதுவும் இல்லை. தனசேகரன் சொன்னார், லீலா தலையாட்டினார், காவ்யா சம்மதித்தாள். உலகத்தின் பல பெரிய உடன்படிக்கைகள் இதைவிடக் குறைந்த கவனத்தோடு போடப்பட்டிருக்கின்றன. அதன்பின் யார் கேட்டாலும் தனசேகரன், "மெட்ராஸ்ல படிக்குது, கம்ப்யூட்டர் மாதிரி" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார்.

தனசேகரனைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அவரால் ஒரு பட்டுச் சேலையைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியாது. ஓரத்தைப் பிடித்துப் புரட்டிப் பின்பக்கத்தைப் பார்ப்பார். முன்பக்கம் கடைக்காரன் சொல்வதைச் சொல்லும், பின்பக்கம்தான் நெய்தவனைச் சொல்லும் என்பது அவர் கட்சி. கல்யாண வீட்டுச் சீர்த்தட்டில் இருக்கும் முகூர்த்தப் புடவையைப் புரட்டிப் பார்த்து, பெண் வீட்டாருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் ஒரே நேரத்தில் மனக்கசப்பு உண்டாக்கிய பெருமை அவருக்கு இரண்டு முறை உண்டு.

இதில் ஒரு விசித்திரம் என்னவென்றால், அவர் வீட்டுத் தறியில் சேலை குப்புறப் படுத்துத்தான் வளரும். பின்பக்கம் மேலே, நெய்கிறவர் முகத்துக்கு நேரே. முன்பக்கம் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். புட்டா என்கிற சரிகைப் பூவேலை ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் சரிகை இழை பின்பக்கமாகத் தொங்கலாக ஓடும். சேலையை அறுத்து இறக்கிய பிறகு அந்த இழைகளைக் கத்தரிக்கோலால் வெட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். கோடை விடுமுறைகளில் காவ்யாவின் வேலை அதுதான்.

பல்கலைக்கழகம் பெரியது. ஆரணி பேருந்து நிலையத்தை அதற்குள் பத்து முறை வைக்கலாம். வைத்தால் உள்ளே ஓடும் பேருந்துகளுக்கும் வசதியாக இருக்கும். விடுதியிலிருந்து வகுப்புக்குப் போக அந்தப் பேருந்தில் ஏற வேண்டும், தவறான பேருந்தில் ஏறினால் கால்நடை மருத்துவத்தில் இறக்கிவிடுவார்கள். காவ்யா முதல் வாரத்தில் இரண்டு முறை பசுமாடுகளைப் பார்த்துவிட்டுத் தத்துவத்துக்கு வந்து சேர்ந்தாள். மற்றபடி அவளுக்கு எல்லாம் பிடித்துப் போனது. கேள்வி கேட்டால் முறைக்காமல் "நல்ல கேள்வி" என்று சொல்லிவிட்டுப் பதில் சொல்லாமல் விடும் ஆசிரியர்களை அவள் அதுவரை பார்த்ததில்லை.

அவர்களில் தலையாயவர் பேராசிரியர் ஜெயக்குமார். அவர் நடத்திய பாடம் 'பார்வையும் பண்பாடும்'. துறையின் தாழ்வாரத்தில் ஓர் அரக்கு நிற ஆரணிப் பட்டுச் சேலை, சுவரின் நீளத்துக்கு விரித்து மேல் ஓரத்தில் கிளிப் போட்டு மாட்டப்பட்டிருந்தது. யாரோ நன்கொடையாகக் கொடுத்தது. உடல் முழுக்க மயில் புட்டா. மயிலுக்கும் மயிலுக்கும் நடுவே மேலிருந்து கீழாகத் தங்கக் கோடுகள், நூற்றுக்கணக்கில். பேராசிரியர் அந்தக் கோடுகளை மழை என்று கண்டுபிடித்துப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. 'ஆரணிப் பட்டில் மழையின் அரசியல்' என்ற அவருடைய கட்டுரை மூன்று நாடுகளில் வாசிக்கப்பட்டது. ஆற்றில் தண்ணீர் வராத ஊரின் நெசவாளி, தன் ஏக்கத்தைத் தங்கத்தில் அழுதிருக்கிறான் என்பது அதன் சாரம். மூன்று நாடுகளிலும் கேட்டவர்கள் கண் கலங்கியதாகத் துறையின் ஆண்டறிக்கை சொல்கிறது.

காவ்யா அந்தச் சேலையைத் தினமும் நான்கு முறை கடந்து போனாள். அதில் அவளுக்கு வினோதமாக எதுவும் படவில்லை. பிறந்ததிலிருந்து வீட்டில் பார்த்த அதே முகம். நம்ம ஊர்ச் சேலை என்ற பெருமையோடு போய்வந்துகொண்டிருந்தாள். பேராசிரியர் மழையை விளக்கிய இரண்டு வகுப்புகளின்போது அவள் ஆடிக் கிருத்திகைக்கு ஊருக்குப் போயிருந்தாள். அந்த மழை அவள் மேல் ஒரு துளி கூடப் படவில்லை.

செப்டம்பரில் உள்மதிப்பீட்டுத் தேர்வு. ஒரே கேள்வி, இருபத்தைந்து மதிப்பெண். தாழ்வாரச் சேலையில் மயில்களிடையே பெய்யும் மழையின் பொருளை விளக்குக.

எந்த மழை என்று காவ்யாவுக்குப் புரியவில்லை. வேறு ஏதாவது சேலையா என்று யோசித்தாள். கண்ணை மூடிச் சேலையை நினைவில் ஓட்டிப் பார்த்தாள். மயில், இழை, மயில், இழை. கத்தரிக்கோல் பிடிக்கும் விரல் தானாக அசைந்தது. அப்போதுதான் உறைத்தது: சேலை தறியில் இல்லை, சுவரில் இருக்கிறது. சுவரில் இருக்கும் சேலைக்கு எதற்குப் பின்பக்கம் தெரிய வேண்டும்?

மற்ற நூற்றெழுபது பேர் மழையைப் பற்றிக் கூடுதல் தாள் வாங்கி எழுதிக்கொண்டிருக்க, அவள் பத்து வரி எழுதினாள். அது மழை அல்ல, வெட்டாமல் விட்ட சரிகை. சேலை பின்பக்கம் தெரியும்படி மாட்டப்பட்டுள்ளது. திருப்பி மாட்டவும்.

இருபத்தைந்துக்கு மூன்று வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில், 'கற்பனை போதாது. மேற்கோள் ஒன்றுகூட இல்லை' என்றிருந்தது. உள்மதிப்பீட்டில் பத்துக்குக் கீழே போனால் அந்தப் பாடம் அரியர். ஆரணி உடன்படிக்கை அமலுக்கு வர அது போதும்.

காவ்யா பேராசிரியர் அறைக்குப் போனாள். ஜெயக்குமார் கெட்டவர் அல்ல. உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். அவள் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, சுவாரசியமான பார்வை என்றார், ஆனால் ஆதாரம் வேண்டும் என்றார். அப்பா நெசவாளர், அவர் சொல்லித் தெரியும் என்றாள் காவ்யா.

"உங்கப்பா எங்கயாவது பப்ளிஷ் பண்ணியிருக்காராம்மா?"

"வருஷத்துக்கு முப்பது சேலை பண்றாரு சார்."

பேராசிரியர் டீயைக் கீழே வைத்தார். பழைய சேலை, தொட்டால் கிழியும், ஆகவே யாரும் தொடக்கூடாது என்பது விதி. அந்த விதியைப் போட்டவரும் அவரே. கடைசியில் ஒன்றுக்கு ஒப்புக்கொண்டார். வியாழக்கிழமை துறைக் கருத்தரங்கு. அங்கே அவள் தகுந்த சான்றோடு நிரூபித்தால் விடைத்தாளைத் திரும்பத் திருத்துவார். இல்லையென்றால் மூன்று மூன்றுதான்.

தகுந்த சான்று உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவரை அழைத்தால் மூன்று மதிப்பெண்ணைச் சொல்ல வேண்டும். சொன்னால் கருத்தரங்கு வரைக்கும்கூடப் படிப்பு இருக்காது. சாட்சியும் நீதிபதியும் ஒரே ஆளாக இருக்கும் வழக்கு எந்த நீதிமன்றத்திலும் ஏற்கப்படாது. காவ்யா ஒரு நாள் முழுக்க யோசித்தாள், சொல்லாமல் கூப்பிட முடியுமா என்றுகூடப் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள். பின்னணியில் தறி ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பா, ஒரு பாடத்துல இருபத்தஞ்சுக்கு மூணுப்பா."

தறி நின்றது.

"பத்துக்குக் கீழ போனா அரியர்னு நீதான சொன்ன?"

"ஆமாம்பா."

"பொட்டிய கட்டி வையி. காலைல வரேன்."

"வியாழக்கிழமை வாப்பா. ஆனா கெளம்பறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சேலைய மட்டும் பாத்துட்டுப் போலாம். நம்ம ஊரு சேலதான்."

தனசேகரனுக்குள் கோபத்துக்கும் தொழிலுக்கும் நடுவே நடந்த அந்தப் போராட்டத்தை லீலா பிற்பாடு விவரித்தபோது, மனிதர் பாவம், தண்ணீர் கூடக் குடிக்கவில்லை என்றார்.

"இன்னா கலரு?" என்றார் தனசேகரன்.

வியாழக்கிழமை அவர் முதல் பேருந்தில் வந்து சேர்ந்தார். பெட்டி கட்டவில்லை என்று தெரிந்ததும் முகம் இறுகியது. தாழ்வாரத்தில் நாற்பது பேர் நின்றிருந்தார்கள். ஆராய்ச்சி மாணவர்கள் நோட்டுப் புத்தகத்தோடு முன்வரிசையில் இருந்தார்கள். பேராசிரியர் ஜெயக்குமார் கைகூப்பி வரவேற்று, மழைக் கோட்பாட்டைச் சுருக்கமாக, அதாவது இருபது நிமிடம், சொன்னார். தனசேகரன் சுவரோரமாக நின்று எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டார். தன் ஊர்க்காரன் எவனோ தங்கத்தில் அழுதது அவருக்கே புதிய செய்தி.

பிறகு பேராசிரியர் கேட்டார்: இந்தச் சேலை மாட்டப்பட்டிருக்கும் விதத்தில் தவறு ஏதாவது தெரிகிறதா?

தனசேகரன் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். முப்பது வருடமாகத் தினம் பார்க்கும் முகம்.

"தப்பு ஒண்ணுமில்லீங்களே. சரியாத்தான் கீது," என்றார்.

முன்வரிசையில் பேனாக்கள் எழுதின. ஜெயக்குமார் பெருந்தன்மையோடு புன்னகைத்தார். காவ்யாவுக்கு ஆரணிப் பேருந்தின் ஜன்னலோர இருக்கை கண்ணில் தெரிந்தது. ஆனால் தன்னை இரண்டு மாதம் ஏமாற்றிய சேலை அப்பாவை இரண்டு நிமிடம் ஏமாற்றுவதில் அவளுக்கு ஆச்சரியம் இல்லை. அவள் அவருடைய வலது கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தனசேகரன் திரும்பி நடக்கப் போனார். நடக்கும்போது, யாரையும் கேட்காமல், விதிகளை மதிக்காமல், கல்யாண வீட்டில் செய்கிற அதே காரியத்தை அந்தக் கை செய்தது. கீழ் ஓரத்தைப் பிடித்துப் புரட்டியது.

பேராசிரியர் "சார், சார்" என்று பதறுவதற்குள் முடிந்துவிட்டது. புரட்டிய இடத்தில் மயில்கள் பளிச்சென்று, கழுத்து வளைவு முதல் தோகைக் கண் வரை அச்சடித்தது போல இருந்தன. நடுவில் ஒரு கோடு இல்லை. ஒரு துளி மழை இல்லை.

தனசேகரன் புரட்டியதை விடவில்லை. முன்னே பார்த்தார், பின்னே பார்த்தார், மறுபடி முன்னே பார்த்தார்.

"யாருங்க இத மாட்னது?" என்றார். "முன்பக்கத்த செவுத்துக்குக் காட்டிகினு கீதே. நானே தறில கீறாப்புல நெனச்சிகினு போய்ட்டேன்." பிறகு மழைக் கோடுகளை விரலால் தொட்டுக் காட்டினார். "இத வெட்டவே இல்லிங்க சார். சோம்பேறித்தனம். எங்க வூட்டுல இத வெட்டறது இந்தப் பொண்ணுதான்."

நாற்பது பேரும் காவ்யாவைத் திரும்பிப் பார்த்தார்கள். பதினோரு வருடமாகப் பெய்த மழை, வியாழக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு நின்றது.

ஜெயக்குமாரைப் பற்றி நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். மனிதர் ஒரு நிமிடம் வெளுத்தார். அடுத்த நிமிடம் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, காவ்யாவின் விடைத்தாளை வாங்கிச் சுவரிலேயே வைத்து, மூன்றை அடித்து இருபத்துமூன்று போட்டார். மாணவர்கள் கை தட்டினார்கள். ஆராய்ச்சி மாணவர்கள் தாங்கள் எழுதியிருந்ததை அடித்துவிட்டுத் தாமதமாகத் தட்டினார்கள்.

மகளை அழைத்துப் போக வந்த தனசேகரன் தாளை வாங்கிப் பார்த்தார்.

"மீதி ரெண்டு எங்கீங்க சார்?"

"'திருப்பி மாட்டவும்'னு எனக்கே ஆர்டர் போட்டிருக்காங்க. அதுக்குத்தான் சார்."

"அவ சொன்னது சரிதானுங்களே."

பேராசிரியர் கொஞ்சம் யோசித்துவிட்டு இருபத்துநான்காக்கினார். இருபத்தைந்து கேட்க தனசேகரன் வாயெடுத்தார், காவ்யா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போனாள். அங்கே இரண்டு தோசை சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் பெட்டியைப் பற்றிப் பேசவில்லை. கிளம்பும்போது, அடுத்த மாதம் வருகையில் கத்தரிக்கோல் கொண்டுவருவதாகவும், அந்த இழைகளை அப்படியே விட்டுவைப்பது ஊருக்குக் கெட்ட பெயர் என்றும் மட்டும் சொன்னார்.

கத்தரிக்கோலுக்கு அனுமதி கிடைக்கவில்லை. சேலை இப்போது தாழ்வாரத்தின் நடுவே கம்பியில் தொங்குகிறது, இரண்டு பக்கமும் பார்க்கலாம். பேராசிரியர் 'பின்பக்கத்தின் அரசியல்' என்று புதிய கட்டுரை எழுதி நான்காவது நாட்டுக்கும் போய்வந்தார். அதன் முதல் அடிக்குறிப்பில், 'காவ்யா தனசேகரன், முதலாண்டு விடைத்தாள், பத்து வரிகள்' என்று மேற்கோள் இருக்கிறது. மேற்கோள் இல்லை என்று மூன்று வாங்கியவள் மேற்கோளாகவே ஆனாள். தனசேகரன் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, லேமினேஷன் போட்டு, தறிக்கு மேலே ஆணியடித்து மாட்டினார். முன்பக்கம் தெரியும்படி இருக்கிறதா என்று இரண்டு முறை சரிபார்த்தார்.

காவ்யா இப்போது இரண்டாம் ஆண்டு. அரியர் இல்லை. சென்ற தீபாவளிக்கு முன்னால் சுதாகர் மறுபடியும் வாசலில் நின்று, வாஸ்தவமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு, அந்தப் படிப்பில் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டார். கம்ப்யூட்டர் மாதிரி என்று தனசேகரன் சொல்லவில்லை.

"பி.ஏ.ங்க. வாத்தியாருக்கே மார்க் போடற வேல," என்றார்.

சுதாகரின் மௌனம் இந்த முறை இரண்டு நாள் நீடித்தது.