மாலை வாங்காத கழுத்து

என் கழுத்தில் ஒரு குழாய் தொங்கியது. ஒரு முனை வெளியே, இரண்டு மூடிகளோடு. மறுமுனை இதயத்தின் வாசலில். சிறுநீரகங்கள் கைவிட்டபின் டயாலிசிஸ் இயந்திரத்துக்கு ரத்தம் போய்வர அதுதான் பாதை. இடக்கையில் ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்த நிரந்தர வழி தேறுவதற்குச் சில வாரங்கள் ஆகும். அதுவரை இது கெடக்கூடாது.

"ஈரம் படக்கூடாதுண்ணே. யாரு கையும் படக்கூடாது. மூடிய நாங்கதான் தொறக்கணும். குளிர்நடுக்கம் வந்தா உடனே ஓடி வந்துரணும்" என்றார் டயாலிசிஸ் சிஸ்டர். கிருமி புகுந்தால் நேராக ரத்தத்துக்குத்தான். நடுவில் செக்போஸ்ட் கிடையாது.

இந்த நேரம் பார்த்து உசிலம்பட்டியில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. நான் தாய்மாமன். பிள்ளையை மடியில் வைத்து, மாலை வாங்கினால்தான் ஊசி இறங்கும். எங்கள் பக்கத்து மாலை விடியலிலிருந்து தண்ணீர் தெளித்துத் தெளித்து, ஈரத்துணியில் சுற்றி வருவது. சட்டைக்குள் சொட்டுகிற மரியாதை.

மாலையோடு வந்த தங்கையின் மாமனாரிடம் குழாயைக் காட்டினேன்.

"அம்புட்டுத்தான மாப்ள? அத லேசா ஒதுக்கி விட்டுக்கிருவோம்."

கை நீண்டது. நான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தேன்.

"பன்னீராவது தெளிக்கிறேன்" என்றார் ஓர் அத்தை.

"அதுவும் ஈரந்தான் அத்தை."

"திருநீறு காஞ்சதுதானப்பா?" அவர் விரல் என் கழுத்தில் குழாய்மேல் போட்டிருந்த மருந்துக்கட்டை நோக்கி வந்தது.

"நெத்தியோட நிறுத்திக்கங்க."

தங்கை குனிந்து கிசுகிசுத்தாள். "போட்டோவுக்கு மட்டும் போட்டுட்டுக் கழட்டிருண்ணே. மாமன் சண்டையில வந்திருக்கான்னு பேசுவாக." அவள் கண் நனைந்திருந்தது. அந்த ஈரத்தைப் பற்றி சிஸ்டர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"இது கெட்டா அடுத்தத தொடையில போடுவாகளாம். அங்கயும் மாலையோட வருவீகளா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு வந்த மாலையும் பிள்ளையின் கழுத்துக்கே போனது. அந்தக் கனத்தில், ஊசிக்கு முன்பே அது அழத் தொடங்கியது. பந்தியில் எனக்கு இருபுறமும் இலை விரித்திருந்தது, உட்காரத்தான் ஆளில்லை.

அடுத்த டயாலிசிஸில் சிஸ்டரும் நானும் முகக்கவசம் போட்டுக்கொண்டோம். சிஸ்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார்.

"செவப்பு இல்ல, சீழ் இல்ல. விசேஷத்துல யாரும் கைய வைக்கலையேண்ணே?"

"பக்கத்துலயே வரல."

"அப்படித்தான் இருக்கணும்" என்றார், மிகவும் திருப்தியாக.