முன்னால் ஓடினவர்கள்

உரும்பிராயில் பிறந்து, எண்பத்து நான்காம் ஆண்டில் லண்டனுக்கு வந்து, நோர்பரியில் எங்களோடு வாழ்ந்து, சென்ற ஆண்டு சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்ட எங்கள் அண்ணாவைப் பற்றி எழுதும்படி அம்மா கேட்டார். அவருடைய உழைப்பை எழுதலாம், நல்ல மனத்தை எழுதலாம். அவர் ஆடிய ஆட்டத்தை எப்படி எழுதுவது? எனக்கு அது இன்றும் விளங்கவில்லை.

பக்கத்து ஊரான மிச்சமில் ஒரு பெற்றோல் நிலையத்தில் அண்ணா வேலை செய்தார். அரிசிப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சனத்துக்குள்ளால் வளைந்து வளைந்து ஓடிப் பஸ்ஸைப் பிடித்ததை யாரோ ஒருவர் பார்த்தாராம். அதற்காக ஓர் அமெரிக்க உதைபந்தாட்டக் குழுவில் சேர்த்துவிட்டார்கள்! பந்தை அணைத்துக்கொண்டு ஓடுவதே அவர் வேலை. பிறகு சம்பளமும் கொடுத்தார்கள். ஓடுவதற்குச் சம்பளமா என்று உறவினர் கேட்பார்கள்.

அம்மாவும் நானும் ஒரேயொரு ஆட்டம் பார்த்தோம். அவருடைய குழுவின் பெரிய பெரிய ஆட்கள் அவரை விட்டுவிட்டு முன்னால் ஓடினார்கள். எதிர்ப்பக்கத்தார் பாய்ந்து அண்ணாவை அமுக்கினார்கள். சனமோ கைதட்டியது.

“ஐயோ, பிள்ளையை விட்டிட்டு ஓடுறாங்களே! இதுக்கோ நாட்டை விட்டு வந்தனாங்கள்?” என்று அம்மா கத்தினார்.

அண்ணா சேற்றோடு சிரித்துக்கொண்டு வந்தார். “அவை முன்னாலை போய் மற்றப் பக்கத்தாரைத் தள்ளினாத்தான் அம்மா எனக்கு வழி. திரும்பியும் பாக்க மாட்டினம். நான் பின்னாலை வருவன் எண்டு தெரியும்.”

அம்மா நம்பவில்லை. அவர்களை வீட்டுக்குக் கூட்டிவரவும் விடவில்லை.

வேலையிடத்தில் வந்த மாரடைப்பு அண்ணாவைக் கொண்டுபோனது. அவ்வளவு ஓடிய மனிதருக்கு எப்படி? ஒன்றும் புரியவில்லை.

இறுதிக்கிரியை நாளில் அண்ணாவின் குழு ஆட்கள் கறுப்புக் கோட்டுடன் வாசலில் நின்றார்கள். பெரியப்பா பதறினார். “பெட்டியைச் சொந்தக்காரர்தான் தூக்கவேணும். சொல்லிப்போடு பிள்ளை.”

சொன்னேன். தூக்க வரவில்லை, முன்னால் நடக்க மட்டும் விடுவீர்களா என்று அவர்களில் மூத்தவர் ஆங்கிலத்தில் கேட்டார். நான் தடுமாறிப்போய் அம்மாவைப் பார்த்தேன்.

“விடுங்கோ,” என்றார் அம்மா அழுதபடி. “அவனுக்கு வழி வேணுமெல்லே.”

தோள் கொடுத்த உறவினர்கள், கிரியைகளை நடத்திய குருக்கள், எட்டாம் நாள் எட்டுச் செலவு வரை சமைத்துத் தந்த அயலவர்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி. அந்த நண்பர்களுக்கு, அம்மா சார்பில், தனியாக ஒரு நன்றி. தகனசாலை வாசல்வரை அண்ணாவுக்கு முன்னால் நடந்த அவர்கள், அன்று ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள்.

– தங்கை